பட்டியல் எழுதியவள்

ஆட்டுத்தொடை 2. கன்றின் விலாக்கறி 2. வறுத்த கோழி 24. பெரிய ரொட்டி 6. நல்ல திராட்சை மது 18 புட்டி, சாதாரண மது ஒரு பீப்பாய், பிராந்தி ஒரு புட்டி. எலுமிச்சை 12. சர்க்கரை, சாக்லெட், உலர்ந்த பிளம்ஸ் வகைக்கு 3 பவுண்டு.

இது கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல் அல்ல. 1838 செப்டம்பரில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்குக்குப் புறப்பட்ட ஹென்றியெட் டான்ஜெவில் என்ற பிரெஞ்சுப் பெண் தன் குழுவுக்காகத் தயாரித்தது. அப்போது அவருக்கு வயது 44. வழிகாட்டிகள் ஆறு பேர், சுமைதூக்கிகள் ஆறு பேர். உடையைத் தானே வடிவமைத்துக்கொண்டார்: பல அடுக்குக் கம்பளி, உள்ளே கால்சட்டை, அதன்மேல் நீண்ட அங்கி. கிளம்பும் முன் உயிலும் எழுதி வைத்தார். உச்சியை அடைந்ததும் வழிகாட்டிகள் அவரைத் தோளில் தூக்கி நிறுத்தி, மலையைவிடவும் நீங்கள் உயரம் என்றார்கள். உலக மலையேற்ற வரலாற்று நூல்களில் இந்தத் தோள்காட்சி தவறாமல் வரும். கோழிக் கணக்கு வந்தாலும், சிரிப்பதற்காகத்தான் வரும்.

அந்தப் பட்டியலைச் சிரிக்காமல் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. அவருக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1808இல், அதே சிகரத்தை அடைந்தவர் மரி பாரடி. ஷாமனி ஊரில் வேலைக்காரியாக இருந்த ஏழைப் பெண். வழிகாட்டிகள் தன்னை இழுத்துக்கொண்டும் தூக்கிக்கொண்டும் போனார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். இருவருமே உச்சியில் நின்றவர்கள்தான். ஆனால் மரி பாரடியின் பயணத்தைத் தீர்மானித்தவர்கள் மற்றவர்கள். டான்ஜெவில் எப்போது கிளம்புவது, யார் வருவது, என்ன தின்பது, செத்தால் சொத்து யாருக்கு என்பது வரை தானே தீர்மானித்தார். காசும் குடும்பப் பெயரும் அதற்கு உதவின என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏறி வந்தபின் அவர் கொடுத்த விருந்துக்கு மரி பாரடியையும் அழைத்தார் என்பது வரலாற்றில் எனக்குப் பிடித்த சிறு செய்திகளில் ஒன்று.

தமிழில் இதற்கு ஒரு முன்னோடி வகை உண்டு. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைவழித் திட்டத்தைத்தான் சொல்கிறது. பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, அங்கே போய்வந்த ஒருவர் வழி சொல்கிறார்: காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு எங்கே, பாசி பிடித்து வழுக்கும் பாறையில் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது, தினைப்புனம் காப்பவர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, எந்த ஊரில் எந்தச் சாப்பாடு கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் விறலியரும் நடக்கிறார்கள். யாழும் முழவும் சுமந்து மலை கடந்த உழைப்பாளிப் பெண்கள் அவர்கள். ஆனால் வழி சொல்பவரும் ஆண், கேட்பவரும் கூட்டத்தின் ஆண் தலைவன். விறலியின் பாதம் நொந்தது பாட்டில் உண்டு. அவள் கருத்து என்ன என்பது இல்லை. குறிஞ்சித் திணை முழுவதிலும் இதே ஏற்பாடுதான். பரண்மேல் நின்று கிளி ஓட்டும் பெண்ணுக்கு மலை சொந்த வீடு. ஆனாலும் இரவில் மலைவழி கடந்து வரும் சாகசம் அவனுக்கு, அவன் வரும் வழியை நினைத்து அஞ்சுவது அவளுக்கு.

பனிமலைக்கே போன தமிழ்ப் பெண்கள் நம் புராண நினைவில் இருவர். காரைக்கால் அம்மையார் கயிலாயத்தைத் தலையால் ஏறினார் என்கிறது பெரியபுராணம். அதற்குமுன், கணவன் விட்டுப்போன புனிதவதி தன் உடலின் வனப்பை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றாள். இன்னொருவர் ஔவையார். சுந்தரர் யானையிலும் சேரமான் குதிரையிலும் கயிலை செல்ல, பூசையில் இருந்த கிழவியைப் பிள்ளையார் துதிக்கையால் தூக்கி வைத்தார் என்பது கதை. ஒருத்தி பேயாக வேண்டியிருந்தது, மற்றவள் மூதாட்டியாக இருக்க வேண்டியிருந்தது. இளம் பெண்ணின் உடல் அவ்வளவு தூரம் தனியே போகலாம் என்று கற்பனை செய்யக்கூட மரபுக்கு மனம் வரவில்லை. அண்ணனூரில் அரக்கோணம் வண்டி ஏறினால், கயிலையிலிருந்து திரும்பிய அம்மையார் இருந்து பாடிய திருவாலங்காடு அந்தத் தடத்திலேயே இருக்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம் இந்தக் கணக்கு மனதில் ஓடும்.

இனி நம் காலத்து மலைக்கு வருவோம். மலையேற்றத்திலேயே அதிகம் யோசித்துத் திட்டமிட வேண்டிய வகைகளில் ஒன்று பனிச்சறுக்கு மலையேற்றம். சறுக்குப் பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு மேலே நடக்க வேண்டும். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னே நகரும், பின்னே சறுக்காது. முன்பு கடல்நாய்த் தோலில் செய்தார்கள், இப்போது நைலானிலும் ஆட்டு ரோமத்திலும் செய்கிறார்கள். உச்சியில் பட்டையை உரித்து மடித்து வைத்துவிட்டு, பலகையில் சறுக்கி இறங்க வேண்டும். 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

இதற்கான திட்டம் வீட்டு மேசையில் தொடங்குகிறது. வெர்னர் முண்டர் என்ற சுவிஸ் வழிகாட்டி ஓர் எளிய கணக்கு சொல்லிக்கொடுத்தார். ஏற வேண்டிய உயரத்தை 100 மீட்டருக்கு ஓர் அலகாகவும், நடக்கும் தூரத்தைக் கிலோமீட்டருக்கு ஓர் அலகாகவும் கூட்டு. ஏறும்போது நான்கால் வகு, சறுக்கி இறங்கும்போது பத்தால் வகு. 1,600 மீட்டர் உயரம், 8 கிலோமீட்டர் தூரம் என்றால் 24 அலகு. ஏற 6 மணி நேரம், இறங்க ஏறக்குறைய இரண்டரை மணி. இரவில் இறுகிய பனி வெயில் ஏற ஏறக் குழையும், குழைந்தால் சரியும். எனவே நண்பகலுக்குள் கீழே இருக்க வேண்டுமென்றால் அதிகாலை 3 மணிக்குப் பலகை கட்டியாக வேண்டும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அங்கே இந்தக் கணக்கும் செல்லாது, இன்னும் நேரம் கூட்ட வேண்டும்.

அடுத்தது சரிவு. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் கிளம்புகின்றன. சறுக்குவதற்கு மனம் ஆசைப்படும் சாய்வும் அதுவே. விபத்துகளில் பெரும்பாலானவற்றில் பனியைக் கிளப்பிவிடுவது சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான். புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க வாய்ப்பு மிக அதிகம். அரைமணி கடந்தால் அது வேகமாகக் குறையும். ஆகவே ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், பனிவாரி மூன்றும் இருக்க வேண்டும். முண்டர் இன்னொன்றும் சொன்னார். வானிலையும் பனியும், நிலத்தின் அமைப்பு, மனிதர்கள் ஆகிய மூன்றையும் மூன்று முறை பார்க்க வேண்டும்: வீட்டிலிருந்து ஒருமுறை, மலையடியில் ஒருமுறை, ஒவ்வொரு சரிவின் முன்னும் ஒருமுறை.

மூன்றாவதாகச் சொன்ன 'மனிதர்கள்' என்பதில்தான் பெண்களுக்கு அதிக வேலை இருக்கிறது. அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மக்கேமன், பயிற்சி பெற்றவர்களும் தெரிந்தே ஆபத்துக்குள் போவது ஏன் என்று கேட்டு ஆறு கண்ணிகளைப் பட்டியலிட்டார். பழகிய இடம் என்ற தைரியம், எடுத்த முடிவை மாற்ற மனமின்மை, மற்றவர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, 'அவருக்குத் தெரியாததா' என்று தலைவரை நம்பி வாய்மூடுவது ஆகியவை அவற்றுள் சில. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது இது பனிமலைக்கு மட்டும் உரியதா என்று தோன்றியது. சந்தேகத்தை உரக்கச் சொல்லக் கற்றுக்கொடுக்கப்படாதவள் குழுவில் இருந்தால், அந்தச் சந்தேகம் அவளோடு சேர்ந்து புதையும். நல்ல திட்டம், குழுவில் இருப்பதிலேயே இளையவளும் "வேண்டாம், திரும்பலாம்" என்று சொன்னால் அனைவரும் திரும்புவோம் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வைக்கும்.

எங்கள் பகுதியில் விடியற்காலை மின்ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பாருங்கள். ஐந்து மணிக்கு உலை வைத்து, பிள்ளைக்கும் மாமியாருக்கும் தனித்தனியாகக் கட்டி, தண்ணீர் வரும் நேரம், வண்டி வரும் நேரம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வருகைப் பதிவு மூடும் நேரம் மூன்றையும் பின்னாலிருந்து முன்னாகக் கணக்கிட்டு வந்தவர்கள் அவர்கள். முண்டரின் கணக்கும் இதுவே: முடிய வேண்டிய நேரத்திலிருந்து தொடங்க வேண்டிய நேரத்தைக் கண்டுபிடிப்பது. வீட்டில் செய்தால் இதற்குப் 'பொறுப்பு' என்று பெயர், பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிடுவார்கள். மலையில் செய்தால் 'தலைமை' என்று பெயர், அதற்குப் பதக்கம் உண்டு. இந்தப் பெயர் மாற்றத்தில் நடக்கும் திருட்டைப் பெண்ணிய வரலாறு கவனிக்க வேண்டும்.

அதைக் கவனித்த ஒருத்தி ஃபேனி புல்லக் வொர்க்மன். அமெரிக்கர். கணவர் வில்லியத்துடன் காரகோரம் மலைகளில் பல பயணங்கள் செய்தார். அந்தத் தம்பதி ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள்: ஓராண்டு ஒருவர் பயண ஏற்பாடுகளின் பொறுப்பு, மற்றவர் அளவீடும் புகைப்படமும், மறு ஆண்டு மாற்றிக்கொள்வது. 1906இல் நன் குன் பகுதியில் பினக்கிள் சிகரத்தில் ஏறியபோது அவருக்கு வயது 47. அதன் உயரம் ஏறக்குறைய 6,930 மீட்டர். 1912இல் சியாச்சின் பனியாற்றின் மேல், 'பெண்களுக்கு வாக்குரிமை' என்ற தலைப்புத் தாங்கிய தாளைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு அந்த உரிமை வந்தது 1921இல்தான். ஆனால் வொர்க்மனின் நூல்களில் பால்டிச் சுமைதூக்கிகளைப் பற்றி அவர் எழுதும் தொனி நம்மை முகம் சுளிக்க வைக்கும். பெண் விடுதலையின் தாளைப் பிடித்த கையே, மூட்டை தூக்கியவரை மனிதராகக் காணவில்லை. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் ஊசியும் நூலும் அடிக்கடி வருகின்றன. 1953இல் நன் சிகரத்தை முதன்முதலாக ஏறிய இருவரில் ஒருவரான கிளோத் கோகன், பிரான்சின் நீஸ் நகரில் நீச்சலுடை வடிவமைத்து விற்றவர். 1959இல் சோ ஓயூ சிகரத்துக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட பன்னாட்டுக் குழுவைத் தலைமையேற்று நடத்தினார். டென்சிங்கின் மகள்கள் இருவரும் அதில் இருந்தார்கள். அந்த அக்டோபரில் பனிச்சரிவு அவரையும் கிளோதீன் வான் டெர் ஸ்ட்ராட்டனையும் ஷெர்பா ஆங் நோர்புவையும் கொண்டுபோனது. தேடிப் போன இன்னொரு ஷெர்பாவும் இறந்தார்.

ஜுன்கோ தாபெய் 1969இல் ஜப்பானில் பெண்களுக்கான மலையேற்றச் சங்கம் தொடங்கினார். எவரெஸ்ட்டுக்குப் பணம் கேட்டுப் போன இடங்களில், பிள்ளை வளர்க்கப் போகலாமே என்ற பதில் கிடைத்தது. ஒரு செய்தித்தாளும் ஒரு தொலைக்காட்சியும் உதவின. மீதியைப் பெண்களே போட்டார்கள். பழைய கார் இருக்கை உறையை வெட்டித் தண்ணீர் புகாத கையுறை தைத்தார்கள். சீனாவிலிருந்து வாத்து இறகு வாங்கித் தூங்கும் பையைத் தாங்களே தைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மிச்சமான ஜாம் பொட்டலங்களைச் சேர்த்து ஆசிரியைகளுக்குக் கொடுத்தார்கள். 1975 மே 4 அன்று பனிச்சரிவில் புதைந்த தாபெயை ஷெர்பாக்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, மே 16 அன்று, எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்ணானார். வீட்டில் அப்போது சிறு மகள்.

உத்தரகாசி அருகே நாகுரி கிராமத்தில் பிறந்த பச்சேந்திரி பால், தையல் வேலை செய்து படிப்புச் செலவைச் சமாளித்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்தும் தகுந்த வேலை கிடைக்காமல் நேரு மலையேற்ற நிறுவனத்தில் சேர்ந்தார். 1984 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணானார். அதோடு நிற்காமல், 1993இல் இந்திய நேபாளப் பெண்கள் குழுவை எவரெஸ்ட்டுக்கும், 1997இல் எட்டுப் பெண்களை அருணாசலத்திலிருந்து சியாச்சின் வரை ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர் நடையாகவும் அழைத்துப் போனார். 2022இல் ஐம்பது வயது கடந்த பெண்களின் இமயமலைப் பயணத்தையும் தலைமையேற்று நடத்தினார். தான் ஏறியது ஒருமுறை; மற்றப் பெண்கள் ஏறுவதற்காகப் பட்டியல் எழுதியது பல முறை.

எங்கள் ஆவடியில் 1961 முதல் படைத்துறை உடைத் தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூரில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் இருக்கின்றன. தையல் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் உட்காரும் பெண்கள் இந்தத் தெருக்களில் வசிக்கிறார்கள். துணியைப் பற்றி, தையல் எங்கே முதலில் விடும் என்பதைப் பற்றி, கோகனுக்கும் தாபெய்க்கும் தெரிந்த அளவு இவர்களுக்கும் தெரியும். அந்த அறிவுக்கும் மலைக்கும் நடுவே இருப்பது பணமும் விடுப்பும் அனுமதியும்தான்.

இந்திய மண்ணில் பனிச்சறுக்கு மலையேற்றத்துக்கு ஒரு நல்ல சான்று ஹிமாசலத்தின் பாப்சுரா சிகரம். உயரம் 6,451 மீட்டர். அமெரிக்கரான ஹிலரி நெல்சன் 2013இல் அங்கே வந்தார், முடியாமல் திரும்பினார். நான்கு ஆண்டு கழித்து, 2017 மே மாதம், சிறிய குழுவோடு மீண்டும் வந்து ஏறி, அதன் செங்குத்தான முகத்தில் சறுக்கி இறங்கினார். 2018 செப்டம்பரில் ஜிம் மோரிசனுடன் லோட்சே உச்சியிலிருந்து முதன்முதலாகச் சறுக்கி இறங்கினார். பாப்சுராவின் கதையில் நான் அடிக்கோடிடுவது 2013ஐத்தான். திரும்பி வரத் தெரிந்ததால்தான் நான்கு ஆண்டு கழித்து மறுபடி போக அவர் உயிரோடு இருந்தார்.

ஆனால் திட்டம் எப்போதும் காப்பாற்றும் என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. 2022 செப்டம்பர் 26 அன்று மனாஸ்லுவில், உச்சியிலிருந்து சறுக்கத் தொடங்கிய சற்று நேரத்தில், ஒரு பனிச்சரிவு நெல்சனைத் தள்ளிக்கொண்டு போனது. அவருக்கு இரு மகன்கள். 1995இல் கே2 மலையில் இறந்த அலிசன் ஹார்கிரீவ்ஸுக்கும் இரு பிள்ளைகள். இறந்தபின் பத்திரிகைகள் அவர் நல்ல தாயா என்று விசாரணை நடத்தின. மலையில் இறக்கும் தந்தையரிடம் இந்த விசாரணை நடப்பதில்லை. அதற்காக அந்தக் கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையை விட்டுப்போவது யாருக்கும் கனமான முடிவுதான். அந்தக் கனம் தந்தையின் பைக்குள்ளும் இருக்கட்டும் என்பதே என் கட்சி.

நம் நாட்டுப் பெண்களுக்கும் பலகை புதிதல்ல. ரீனா கௌஷல் தர்மசக்து 2009 டிசம்பர் 29 அன்று சறுக்குப் பலகையில் தென்துருவம் அடைந்த முதல் இந்தியப் பெண்ணானார். பிரிட்டனின் ஃபெலிசிட்டி ஆஸ்டன் தலைமையில், காமன்வெல்த் நாடுகளைச் சேர்ந்த பெண்கள், ஏறக்குறைய 900 கிலோமீட்டரைத் தங்கள் சாமான்களைத் தாங்களே இழுத்துக்கொண்டு கடந்தார்கள். பனியே பார்த்திராத நாட்டுப் பெண்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் முத்தமிழ்ச்செல்வி. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர், ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தவர், இரு பெண் குழந்தைகளின் தாய். அவர் உச்சியில் நின்றது 2023 மே 23. பச்சேந்திரி பால் நின்ற அதே நாள், 39 ஆண்டு தாமதமாக. இந்த 39 ஆண்டு தமிழ்ப் பெண்களின் கால் வலுவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்து சரிவேறியவர்கள் தமிழ்ப் பெண்கள்தாம். எவரெஸ்ட்டுக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். அரசும் கொடையாளர்களும் உதவியதால் அது அவருக்கு முடிந்தது. இன்னொருத்திக்கு அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பதுதான் மீதிக் கேள்வி.

என் மாணவிகள் யாராவது கேட்டால் நான் சொல்வது எளிய வழி. உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் அரசு சார்ந்த மலையேற்ற நிறுவனங்கள் ஏறக்குறைய நான்கு வாரத் தொடக்கப் பயிற்சி நடத்துகின்றன. பெண்களுக்கென்றே தனித் தொகுதிகளும் உண்டு. குல்மர்க்கில் சறுக்குப் பயிற்சிக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பயிற்சி இல்லாமல் நேரே சிகரம் போவது வீரம் அல்ல. பட்டியலில் உடை, உணவு, மருந்தோடு மாதவிடாய்த் துணியையும், பயன்படுத்தியதைக் கீழே கொண்டுவரும் பையையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆண்கள் எழுதிய கையேடுகளில் அது நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. சுமை தூக்குபவரின் கூலி, காப்பீடு, பெயர் மூன்றையும் எழுதுங்கள். திரும்பும் நேரத்தை எழுதி, அதன் கீழ் எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

வீட்டில் அனுமதி கேட்கும்போது அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போங்கள். ஆசையை மட்டும் சொல்லும் பெண்ணை உட்கார வைத்துவிடுவது எளிது. எத்தனை மணிக்குக் கிளம்புவேன், எவ்வளவு செலவாகும், எந்தச் சரிவில் ஏற மாட்டேன், எப்போது திரும்புவேன் என்று எழுதிக் காட்டுகிறவளிடம் பேசத்தான் வேண்டும். அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்க்கும் நேரத்தில், அம்மா எட்டிப் பார்த்து, கோதுமை மாவு போதாது, இன்னும் இரண்டு கிலோ சேர்த்துக்கொள் என்று சொல்லக்கூடும். அவருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.